நாலாம் மதகில் எழுதிய துண்டு

தீவுப் பக்கத்தில் ஓட்டோ ஓடுகிறவனுக்கு வண்டி ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. நயினாதீவுப் படகு எத்தனை மணிக்கு வெளிக்கிடும், நெடுந்தீவுப் படகு இன்றைக்கு ஓடுமா ஓடாதா, காற்றுக் காலத்தில் பாலத்தில் எந்தக் கரையைப் பிடித்து ஓட வேண்டும், எந்த மதகடியில் என்ன மீன் கிடைக்கும், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இவற்றோடு சட்டமும் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் என்னை நீதிமன்றம் வரை கூட்டிக்கொண்டு போனது. காக்கிச் சட்டை மறித்து, லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு தண்டத் துண்டைத் தந்து அனுப்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் கிட்ட வாருங்கள். நாங்கள் எல்லோரும் ஒரே நீதிமன்ற வாங்கில் இருந்து எழும்பியவர்கள்.

பட்டம் வந்த கதை

நான் இறுப்பிட்டி ஆள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிற ஓட்டோக்களில் என்னுடையதும் ஒன்று. சில வருசங்களுக்கு முன் ஒரு உத்தியோகத்தர் வந்து, நாங்கள் நிற்கிற மரநிழலை விட்டுத் தள்ளிப் போய் வெயிலில் நிற்கச் சொன்னார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினார்கள். நான் மட்டும் அசையவில்லை. "எழுத்தில தாருங்கோ ஐயா, உடன போறம்" என்றேன். அவர் எழுத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார். எழுத்தும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நிழல் இன்றைக்கும் எங்களுடையது.

அன்றிலிருந்து எனக்கு 'அப்புக்காத்து' என்று பெயர். கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்குப் பேசுகிறவர்களை எங்கள் பழைய சனம் அப்படித்தான் சொல்லும். பட்டம் வைத்தது தரிப்பிடத்தில் எனக்கு மூத்தவரான ராசன் அண்ணை. கேலிக்குத்தான் வைத்தார். எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். புதிதாக வருகிற பயணிகளுக்கு என்னை அவர் அறிமுகப்படுத்துவது இப்படி: "இவன்ர ஓட்டோவில ஏறுங்கோ. பட்டணம் போய்ச் சேர முந்தி வழக்கு முடிஞ்சு தீர்ப்பும் கையில கிடைச்சிடும்."

கடலுக்குள் வேலி

தீவிலிருந்து பட்டணம் போவதென்றால் கடலுக்கு நடுவே போகிற நீண்ட பாலத்தைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் இடுப்பளவுத் தண்ணீர். அதற்குள் வரிசை வரிசையாகத் தடி நட்டு, வலை கட்டி, மீன் மறிப்பார்கள். கரையில் நிற்கிறவனுக்கு எல்லாம் ஒரே தடியாகத்தான் தெரியும். தொழில் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடிக்கும் சொந்தக்காரன் யார் என்று தெரியும். வருசா வருசம் சங்கத்தில் சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பார்கள். பாலத்தில் தண்ணீர் போக விட்ட மதகுகளைத் தீவுக் கரையிலிருந்து எண்ணினால் நாலாம் மதகு வரை எங்கள் பக்கத்துச் சங்கம். அதற்கு அப்பால் பட்டணத்துச் சங்கம். ஒரு தடி தள்ளி நட்டாலும் கூட்டம் கூடிவிடும்.

அந்த நாலாம் மதகடிதான் எங்கள் ஊர் மீனவர் சூசை அண்ணையின் பாடு, அவர் மீன் மறிக்கிற இடம். நான் பாலத்தால் போகும்போது ஒரு ஹோர்ன் அடிப்பேன், அவர் தண்ணீருக்குள் நின்றபடி கையைத் தூக்குவார். ஒருநாள் நெடுந்தீவில் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது இந்த எல்லைக் கதையைச் சொன்னேன். அவர் ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டித் தடிகளை ஒவ்வொன்றாக வடிவாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காணிக்குள்ள வேலிச் சண்டை போதாதெண்டு கடலுக்குள்ளயும் வேலி அடைச்ச சனம் நாங்கள்தான்."

செவ்வாயும் வெள்ளியும்

எலிசபெத் அக்கா சூசை அண்ணையின் மனைவி. அவவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. கிழமைக்கு இரண்டு தரம் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். இரண்டு தரம் தவறினால் மூச்சு முட்டும். திரும்பி வரும்போது தலைசுற்றும், சில நாட்களில் வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் வரும். பஸ்சில் இருந்தும் நின்றும் வருகிற உடம்பு இல்லை அது.

செவ்வாயும் வெள்ளியும் நான் வேறு ஓட்டம் எடுப்பதில்லை. காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. சூசை அண்ணை கூட வர முடியாது. அவர் கடலுக்குள் இறங்காத நாள் அந்த வீட்டில் உலை இல்லை. அதிகம் பேசாத மனிதர். முதல் நாள் அக்காவைப் பின் சீட்டில் ஏற்றி இருத்திவிட்டு, என் தோளில் ஈரக் கையை வைத்துச் சொன்னது மட்டும்தான்: "மனுசியை உன்னை நம்பித்தான் விடுறன்."

துண்டு

அது ஒரு வெள்ளிக்கிழமை. திரும்பி வருகிறோம். பாலத்தில் பாதி தாண்டியதும் அக்கா என் முதுகில் தட்டினா. நான் நாலாம் மதகடியில் நிறுத்தினேன். பாலத்தில் வாகனம் நிறுத்தக் கூடாதென்று பலகை போட்டிருக்கிறது, எனக்குத் தெரியும். அக்கா இறங்கிக் கடல் பக்கம் போய், ஓட்டோவின் மறைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டா. தண்ணீருக்குள் நின்ற சூசை அண்ணை கண்டுவிட்டு ஓடி வந்தார். கையில் இருந்த மீன் கோர்வையை என்னிடம் நீட்டிவிட்டு மனைவியிடம் போனார்.

அந்த நேரம் பட்டணப் பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இளம் பொலிஸ்காரர். சீருடை போட்டிருந்தார், ஆனால் முன்னால் தொங்கிய பையில் பூமாலையும் தேங்காயும். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி. அவருடைய கண்ணில் பட்டது மூன்று விசயம்: நிறுத்தக் கூடாத இடம், நிறுத்தின ஓட்டோ, மீனோடு நிற்கிற நான். "ஏன் அண்ணை பாலத்தில நிப்பாட்டி வச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதற்கு ஒரு வரிப் பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. எனக்குள் இருந்த அப்புக்காத்து எழும்பிவிட்டார். "நீங்கள் எந்தப் பொலிஸ்?" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தின் பெயரைச் சொன்னார். "அப்ப உங்களுக்கு இஞ்ச அதிகாரம் இல்லை. இது நாலாம் மதகு. எங்கட எல்லை" என்றேன்.

அவருடைய முகம் சிவந்தது. பூமாலைப் பையைப் பக்குவமாகச் சீட்டில் வைத்துவிட்டுத் துண்டுப் புத்தகத்தை எடுத்தார். போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்தியது குற்றம் என்று எழுதினார். இடம் என்ற கோட்டில் 'பாலம்' என்று மட்டும் எழுதி, வழக்குப் போக வேண்டிய இடத்தில் பட்டணத்து நீதிமன்றத்தைப் போட்டு, என் லைசென்சை வாங்கிப் பைக்குள் வைத்தார். அக்காவும் அண்ணையும் எழும்பி இந்தப் பக்கம் வருவதற்குள் மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது. போகும்போது அவர் சொன்னது: "அதிகாரம் இருக்கோ இல்லையோ எண்டு கோட்டில போய்க் கேளுங்கோ அண்ணை. எனக்கு நயினாதீவுப் போட்டைப் பிடிக்கோணும்."

கட்டாமல் போனவர்

துண்டு எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, லைசென்சை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வர வேண்டும். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ராசன் அண்ணை இரண்டு தரம் சொன்னார். ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதிகாரம் இல்லாதவர் எழுதின குற்றத்தை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? லைசென்சுக்குப் பதிலாகத் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை ஓடலாம். அதற்குள் வழக்கை வென்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சந்தேகம் தீர்ப்பதற்காகத் தபாற்கந்தோருக்கும் போனேன். யன்னலுக்குள் இருந்த அம்மா துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்தா. "கட்ட வரேல்லை. கட்டாட்டி என்ன நடக்கும் எண்டு கேக்க வந்தனான்" என்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தா. "இவ்வளவு வருசமா இந்த யன்னலுக்குள்ள இருக்கிறன். காசு கட்டாமல் இருக்கிறதுக்கு வரிசையில நிண்டு விசாரிச்சவர் நீர்தான்."

மீனுக்குப் போட்ட எல்லை

முதல் தவணை நாளில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். வழக்கறிஞர் பிடிக்கவில்லை. எனக்கெதற்கு? கையில் ஒரே ஆயுதம், எங்கள் பக்கத்துக் கடற்றொழில் சங்கத்தின் பதிவேடு. நாலாம் மதகு வரை தீவுச் சங்கத்துக்கு என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்து எழுதியிருக்கிறது. பெயரைக் கூப்பிட்டதும் எழும்பி நின்று, குரல் நடுங்காமல், எழுதியவருக்கு அந்த இடத்தில் அதிகாரம் இல்லை என்று தொடங்கினேன். நீதவான் ஒரு அம்மா. பொறுமையாகக் கேட்டா. பிறகு, ஒரு பொலிஸ்காரருக்கு நாடு முழுக்க அதிகாரம் உண்டு, அது நிலையத்து வாசலோடு முடிவதில்லை என்றா. நான் வாங்கில் இருக்கப் போனேன். ஆனால் அவ விடவில்லை. "அதிகாரம் அவருக்கு இருக்கு. இந்த வழக்கை விளங்கித் தீர்க்க எனக்கு அதிகாரம் இருக்கோ எண்டதுதான் கேள்வி. சம்பவம் நடந்த இடம் என்ர எல்லைக்குள்ள வரவேணும். எந்த இடம்?" என்று கேட்டா.

பொலிஸ்காரர் "பாலத்தின் நடுப்பகுதி" என்றார். நான் "நாலாம் மதகு" என்று சொல்லிப் பதிவேட்டை நீட்டினேன். இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய பிழையை நான் செய்தேன். பிறந்ததிலிருந்து அந்த மதகுதான் எல்லை என்று கேட்டு வளர்ந்ததால், அது யாருடைய எல்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீதவான் நாலைந்து பக்கத்தைப் புரட்டினா. சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டைத் திருப்பித் தந்து மூன்று கிழமையில் மறு தவணை போட்டா. "இது மீனுக்குப் போட்ட எல்லை. மனிசருக்குப் போட்ட எல்லையைக் கொண்டு வாரும். அந்த இடத்தில உம்மைக் கண்ட ஆளையும் கொண்டு வாரும்."

விதானையாரின் படம்

அரசாங்கம் கிராம அலுவலர் என்று சொன்னாலும் நாங்கள் அவரை விதானையார் என்றுதான் சொல்வோம். விசயத்தைக் கேட்டதும் விதானையாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குடும்ப அட்டையும் நற்சான்றிதழும் எழுதிச் சலித்த மனிதர். அலுமாரிக்கு மேலிருந்து ஒரு படத்தைத் தூசு தட்டி எடுத்தார். படத்தில் பாலத்துக்குக் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. அது எந்த மதகு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. துண்டின் இரண்டு கிழமை முடிய முந்தி, இரண்டு பேரும் ஓட்டோவில் போய், பாலத் தொடக்கத்தில் இறங்கி, அளவு நாடாவோடு வெயிலில் நடந்தோம். எதிரே வந்த பஸ் சாரதிமார் எல்லாம் ஹோர்ன் அடித்து விசாரித்தார்கள்.

புள்ளிக்கோடு ஐந்தாம் மதகையும் தாண்டி விழுந்தது. நாலாம் மதகு சந்தேகமில்லாமல் தீவுக்குச் சொந்தம். எனக்கு அந்த இடத்திலேயே ஆடவேண்டும் போல இருந்தது. விதானையார் கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்துவிட்டு, பாலத்துக்குக் கீழே நட்டிருந்த தடிகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அரசாங்கம் உங்களுக்கு ஒரு மதகு கூடத் தந்திருக்குது. சங்கத்துக்குச் சொல்லிப்போடாதையும், நாளைக்கே தடி நடத் துவங்கிடுவினம்."

கேட்காமல் விட்டது

என் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. துண்டுக்கு ஆயுள் இரண்டு கிழமை, வழக்கோ அதையும் தாண்டிப் போய்விட்டது. லைசென்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்க நான் தயாரில்லை. சட்டம் பேசிவிட்டு நானே அதை மீற முடியுமா? ஓட்டோ வீட்டு முற்றத்தில் படங்கு மூடி நின்றது. செவ்வாயும் வெள்ளியும் ராசன் அண்ணை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அக்காவை ஏற்றிப் போனார். பிறகு அவருடைய வண்டி எஞ்சின் கழற்றிக் கராச்சில் கிடந்த ஒரு செவ்வாய், நானும் அக்காவும் பஸ்சில் போனோம்.

போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது பஸ் நிறைந்த சனம். ஒரு பெண் எழும்பி இடம் கொடுத்தும், பாலத்தில் ஏறியதும் அக்காவுக்கு வழக்கம் போல் சத்தி வந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல ஏலாது. பையை அவவின் வாயருகே பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். நாலாம் மதகு கடந்து போனது. தண்ணீருக்குள் நின்ற சூசை அண்ணை பஸ்சைப் பார்த்தார். உள்ளே நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. நம்பி விட்ட ஒரு மனிதரின் மனைவியை, என் வாய்க் கொழுப்புக்காக இப்படி ஆட்டி உலைத்துக்கொண்டு வருகிறேனே என்று நெஞ்சு எரிந்தது. அக்காவோ கண்ணை மூடியபடி என் கையைத் தட்டிக் கொடுத்தா.

அதே பஸ்சில் தபாற்கந்தோர் அம்மாவும் வந்தா. எல்லாவற்றையும் விசாரித்துக் கேட்டா. முதல் தவணை அன்றைக்கே கேட்டிருந்தால் துண்டை நீட்டித் தந்திருப்பார்கள் என்பது அவ சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. "அதைக்கூடக் கேக்காமல் அவ்வளவு நேரம் அங்க நிண்டு என்னத்தைத்தான் கதைச்சனீர்?"

சாட்சி

மறு தவணைக்குச் சூசை அண்ணை அன்றைய தொழிலை விட்டுவிட்டு வந்தார். இடுப்பில் தோய்த்து மடித்த சாரம், கழுத்தில் செபமாலை. அன்றைக்கு அக்காவுக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாள். அவவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்து பின் வாங்கில் இருந்தா. நான் விதானையாரின் கடிதத்தைக் கொடுத்தேன். நீதவான் வாசித்துவிட்டுத் தலையாட்டினா. எனக்கு மார்பு ஒரு சுற்று விரிந்தது. அடுத்தது சாட்சி. ஓட்டோ நின்றது நாலாம் மதகுதான் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர் என்று சூசை அண்ணையிடம் கேட்டா.

"அது என்ர பாடு அம்மா. என்ர தடி அதிலதான் நிக்குது" என்றார் அவர். பிறகு பின் வாங்கைக் கையால் காட்டி, "என்ர மனுசி அதிலதான் இருந்து சத்தி எடுத்தவ. ஆஸ்பத்திரியால வரேக்க. நான்தான் தண்ணியால ஓடிப்போய் முதுகு தடவினனான்" என்றார். பொலிஸ்காரர் முதலில் பின் வாங்கில் இருந்த அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீதவான் பேனாவைக் கீழே வைத்தா. ஆஸ்பத்திரியால் வந்த வருத்தக்காரிக்காக நிறுத்தினதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டா. "எல்லையைப் பற்றித்தானே அம்மா வழக்கு" என்று ஏதோ உளறினேன்.

சம்பவம் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் நடக்கவில்லை, ஆகவே விடுவிக்கிறேன் என்று தீர்ப்பு வந்தது. நான் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும், நான் பிடித்த எல்லையில்தான் வென்றேன். வெளியே விறாந்தையில் அந்தப் பொலிஸ்காரர் லைசென்சைத் தன் கையாலேயே கொண்டுவந்து தந்தார். கோபமில்லை. ஏறக்குறைய வருத்தப்பட்ட மாதிரி நின்றார். "அண்ணை, அந்தப் பக்கம் அக்கா இருந்தவ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் துண்டையே எடுத்திருக்கமாட்டன், தண்ணிப் போத்தலைத்தான் எடுத்திருப்பன்."

மறுபடியும் நாலாம் மதகு

அடுத்த வெள்ளி, லைசென்ஸ் சட்டைப் பையில். அக்கா பின் சீட்டில். பாலத்தில் பாதி தாண்டியதும் முதுகில் தட்டினா. நான் அதே இடத்தில் நிறுத்தினேன். பலகை அப்படியே நிற்கிறது, என் சட்ட அறிவும் அப்படியே நிற்கிறது. சூசை அண்ணை தண்ணீருக்குள்ளால் வந்துகொண்டிருந்தார். பட்டணப் பக்கத்திலிருந்து ஏதோ மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினேன். அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை எனக்கு நேரே நீட்டினா. "தம்பி, ஆர் வந்தாலும் நீர் வாயைத் திறக்காதையும். நான் கதைக்கிறன்."

தரிப்பிடத்தில் நான் இன்றைக்கும் எல்லைச் சட்டம் பேசி வழக்கு வென்ற அப்புக்காத்துத்தான். ஒரு வரிப் பதிலில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு அது என்பதை உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.